தேசம்மாவைக் கேட்காமல் போட்ட போன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் என்னிடம் கேட்டது, நோயாளிகளைத் தயார்ப்படுத்தும் முதல் பேச்சை எப்படி நடத்துவது என்று. தாள் உங்கள் கையில் இருக்கிறது. அதை எழுதியது நான்தான்; இரண்டு பக்கம். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறவர்களுக்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும், கொடுத்த பின் என்ன செய்யக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அயோடின் கலந்த உப்பை நிறுத்த வேண்டும். கடல் மீனும் கருவாடும் கூடாது. மருந்து சாப்பிட்ட பின் டாக்டர் சொல்லும் நாள் வரை தனியாகப் படுக்க வேண்டும். குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும். ஒரு வாரத்தில் உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். எனக்கும் ஆகியிருந்தது.

தாளில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது. அப்போது இந்த ஆஸ்பத்திரியின் அணு மருத்துவத் துறையில் நோயாளி ஆலோசகராக எனக்கு இருபது ஆண்டு அனுபவம். அதனால் இதை அனுபவம் இல்லாதவள் செய்த தவறு என்று நீங்கள் ஒதுக்க முடியாது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் மூன்று ஆண்டுகள் ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். அங்கே கற்றுக்கொண்ட இரண்டு பழக்கங்களை விடவே இல்லை. ஒன்று, எதிரே இருப்பவரைக் கவனமாகப் பார்ப்பது. மற்றது, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் எழுதாமல் இருப்பது. இரண்டும் நல்ல பழக்கங்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தேசம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. மயிலாப்பூரில் ஒரு வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்துவந்தார். பாத்திரம், துணி, பெருக்கித் துடைப்பது, காய் நறுக்கிக் கொடுப்பது. அந்த வீடு இருந்த தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் முன்பு குடியிருந்தார். ஆற்றோரத்து வீடுகளை இடித்தபின் நகரத்துக்கு வெளியே ஒரு குடியிருப்பில், மூன்றாவது மாடியில், ஒற்றை அறை வீடு கொடுத்திருந்தார்கள். விடிவதற்கு முன் பஸ் ஏறினால்தான் அந்த வீட்டு மாமி காபி போடும் நேரத்துக்கு மயிலாப்பூர் வர முடியும்.

முதல் சந்திப்பில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். விரல்கள் நடுங்கின. அதை மறைக்கக் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். பை நடுங்கியது.

"இன்னா பண்ணுது உங்களுக்கு?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"சும்மா குந்திக்கினு இருந்தாலும் நெஞ்சு ஓடிக்கினே கீது மேடம். பஸ்ஸுல போ சொல்லோ, ஓடுறது பஸ்ஸா நானான்னே தெரில."

அவருக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததால் தைராய்டு மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். படபடப்புக்கான மாத்திரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சைக்கு அவர் பயந்தார். இதயத் துடிப்பு ஏற்கெனவே அவ்வப்போது தாளம் தப்பத் தொடங்கியிருந்தது. அயோடினைத் தள்ளிப்போட அதிக இடம் இல்லை என்று டாக்டர் கோப்பில் எழுதியிருந்தார்.

நான் தாளைப் படித்துக் காட்டினேன். உப்பு பாக்கெட்டில் அயோடின் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னேன். கருவாடு கூடாது என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கருவாடும் இல்லாம அப்புறம் இன்னாத்துக்கு மேடம் பொழைக்கிறது?"

பிறகு படிவத்தில் நிரப்ப வேண்டிய கட்டங்கள். வீட்டில் யார் யார்? அவரும், கணவரும், மகனும். மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் சின்னக் குழந்தை? இல்லை. கர்ப்பிணி? இல்லை. தனியாகப் படுக்க இடம்?

"அத்தெல்லாம் நான் பாத்துக்கறேன் மேடம்."

நான் 'உண்டு' என்று குறித்தேன். எங்கே என்று கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் எங்கே என்ற கேள்வி இல்லை.

அவசரத் தொடர்புக்கு ஒரு எண் கேட்டேன். "என் போன்ல காசு போட்டிருந்தா உண்டு, இல்லாட்டி இல்ல. மாமி நம்பர் போட்டுக்கோங்க. எப்ப அடிச்சாலும் எடுப்பாங்க," என்றார். மாமி எவ்வளவு நல்லவர் என்றும் சொன்னார். மகன் வெளிநாடு போனபின் மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றனவாம். வாரா வாரம் இவர்தான் பெருக்குகிறாராம்.

அவருக்கான மருந்து, அவர் பெயரில், மும்பையிலிருந்து விமானத்தில் வர ஏற்பாடானது. இது உங்களுக்குத் தெரியும்: அந்த மாத்திரையை அலமாரியில் வைத்துக் காத்திருக்க முடியாது. நாளுக்கு நாள் அதன் வலு குறையும்.

மருந்து கொடுக்கும் நாளன்று காலை எட்டு மணிக்கெல்லாம் தேசம்மா வந்துவிட்டார். கையில் ஒரு துணிப்பை, தோளில் இன்னொன்று. முகம் முன்பைவிட மெலிந்திருந்தது. ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது வளையல்கள். முன்பு அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் வளையல்தான் இருந்தது. இப்போது இரண்டு கையிலும் புதிய கண்ணாடி வளையல்கள், சிவப்பும் பச்சையும்.

"என்ன, புது வளையலா?"

"பொண்ணுக்கு வளைகாப்பு போட்டோம் மேடம், போன ஞாயித்துக்கெயம. ஏழாம் மாசம். பிரசவத்துக்கு இட்டுக்கினு வந்துட்டோம்."

அடுத்த கேள்வியை நான் கேட்பதற்குள் ரத்தம் எடுக்க அவரைக் கூப்பிட்டார்கள். பைகளை என் மேஜைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "பாத்துக்கோங்க, உள்ள தங்கம் கீது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கோப்பைத் திறந்தேன். கர்ப்பிணி: இல்லை. நான் கேட்ட நாளில் அது உண்மை. யார் இருக்கிறார்கள் என்று கேட்டேனே தவிர, யார் வரப்போகிறார்கள் என்று கேட்கவில்லை. கல்யாணமான மகள் இருக்கிறாள் என்று சொன்ன ஒரு பெண்ணிடம், நம் ஊரில், அதைக் கேட்டிருக்க வேண்டும். முதல் பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்கு வருவாள் என்பது எனக்குத் தெரியாததா? எனக்கும் அப்படித்தான் நடந்தது.

ஒற்றை அறை. அதில் ஏழு மாதக் கர்ப்பிணி. மாத்திரை ஈயப் பெட்டிக்குள் வந்து இறங்கிவிட்டது. பத்து மணிக்குக் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து டாக்டர் இன்டர்காமில் கேட்டார்: "ஃபர்ஸ்ட் பேஷண்ட் ரெடியா?" பதினைந்து நிமிடம் கொடுங்கள் என்றேன்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

தேசம்மா இருபது அடி தள்ளி, ரத்தம் எடுக்கும் அறை வாசலில், மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். அவர் மறைத்துவிட்டார் என்ற எண்ணம் அதற்குள் எனக்கு வந்துவிட்டது. இடம் உண்டு என்று அவர் சொன்னதும் பொய்யாக இருக்கலாம். கேட்டால் மறுபடி 'பாத்துக்கறேன்' என்பார். இன்னொருவரிடம் உறுதி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மயிலாப்பூர் மாடி அறைகள் நினைவுக்கு வந்தன. மாமியிடம் பேசி இடத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டால், நோயாளியைப் பதற வைக்காமலே சிக்கல் தீர்ந்துவிடும். நல்லது செய்கிறோம் என்ற நிறைவோடுதான் போனை எடுத்தேன்.

மாமி இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"யாரு பேசறது?"

ஆஸ்பத்திரி என்றேன். தேசம்மா என்றேன்.

"ஐயையோ, என்ன ஆச்சு அவளுக்கு? நன்னா இருக்காளோன்னோ? ஒரு வாரம் வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போனா. கழுத்துல ஏதோ வைத்தியம்னா."

அந்தக் குரலில் இருந்தது உண்மையான பதற்றம். அதையும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நான் பேசியது கெட்ட மனுஷியிடம் அல்ல.

தேசம்மாவுக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கப்போகிறோம், சில நாட்கள் தனியாகத் தங்க வேண்டும், வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருக்கிறாள், உங்கள் மாடி அறை கிடைக்குமா என்று கேட்டேன்.

"கதிரியக்கம்னா? இந்த அணுகுண்டுல வருமே, அதா?"

இல்லை என்று விளக்கினேன். மருந்து சுரப்பிக்குப் போகும், மீதி சிறுநீரில் வெளியேறும், சில நாட்கள் உடம்பிலிருந்து கொஞ்சம் கதிர் வரும், அதனால் இடைவெளி வேண்டும், கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். ஒவ்வொரு வரியும் சரி. பிழைதிருத்துபவருக்குக் கூட அதில் வேலை இருந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் அவர் குரல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

"எம் பேத்தி கைக்கொழந்தையோட வந்திருக்காம்மா. கொழந்தையை தேசம்மாதான் தூக்கி வெச்சுண்டு நிப்பா. எங்கிட்ட இதெல்லாம் சொல்லவே இல்லையே."

"இன்னும் மருந்தே கொடுக்கவில்லை. இதுவரை எந்த ஆபத்தும் இல்லை. டாக்டர் சொல்லும் நாளுக்குப் பிறகும் இருக்காது."

"நீங்க சொல்றேள். படிச்சவா. எனக்குப் பயமா இருக்கே. வேண்டாம்மா. இனிமே அவ வர வேண்டாம். வேற யாரையாவது பாத்துக்கறேன். நீங்களே அவகிட்ட சொல்லிடுங்கோ. பன்னெண்டு வருஷம். எனக்குச் சொல்ல வாய் வராது."

வைத்துவிட்டார்.

நான் ரிசீவரை வைத்தபோது தேசம்மா பஞ்சை முழங்கையில் மடக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார். அப்போதுதான் கேட்டேன்.

"இங்கேயிருந்து எங்க போறீங்க, தேசம்மா?"

"பாலவாக்கம். என் தம்பி அங்க ஒரு பங்களாவுக்கு வாட்ச்மேன். வூட்டுக்காரங்க ஊர்ல இல்ல. பின்னாடி தோட்டத்துல அவனுக்கு ஒரு ரூம் கீது, தனி பாத்ரூம். அவன் முன்னாடி கேட்டாண்ட படுத்துக்குவான், ஓனரான்ட கேட்டாச்சு. பொண்ணு நீங்க குட்த்த சீட்டை ரெண்டு தபா படிச்சுக் காட்டுனா மேடம். தட்டு, டம்ளர், பாய், துண்டு, அல்லாம் தனியா எடுத்தாந்துட்டேன்." பையைக் காட்டினார். "உப்பு கூட. இன்னா அப்படிப் பாக்குறீங்க? பொண்ணு மாசமா கீறா, நான் வூட்டுக்குப் போவனா?"

தாளை எழுதிய என்னைவிட நன்றாக அவர் தயாராகியிருந்தார்.

அந்த இடத்தில் நான் இரண்டாவது தவறைச் செய்தேன். மாமி சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்: பைகளைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூருக்கு ஓடுவார், மாத்திரை வீணாகும், துடிப்பு தாளம் தப்பும் அந்த இதயம் இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும். சிகிச்சை முடியட்டும், பிறகு சொல்லலாம். அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவர் உண்மையில் என்ன செய்திருப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதையும் அவரிடம் கேட்காமல் நானே முடிவு செய்துவிட்டேன்.

பத்து மணிக்கு மாத்திரையை விழுங்கினார். "இவ்ளோதானா? இதுக்கா கருவாட்டை வுட்டேன்?" என்று கேட்டு டெக்னீஷியனைச் சிரிக்க வைத்தார். அவர் தம்பி ஆட்டோ கொண்டுவந்திருந்தார். அக்காவைப் பின் இருக்கையின் கோடியில் உட்கார வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவரை நலம் விசாரிக்கப் போனில் கூப்பிட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். சொல்ல வாயெடுத்தேன். "தம்பி கஞ்சி கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டு நாய்க்குப் பயந்தவனாட்டம் ஓடுறான் மேடம்," என்று அவர் சிரித்தார். நாளை சொல்லலாம் என்று போனை வைத்துவிட்டேன். அடுத்த நாள் விடுமுறை. அதற்கடுத்த நாள் வேலை அதிகம். சொல்லாமல் விடும் ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் சொல்வதைக் கடினமாக்கும். இதைக் கவனியுங்கள்.

டாக்டர் சொன்ன நாட்கள் முடிந்ததும் தேசம்மா நேராக மயிலாப்பூர் போனார். வாசலில் வேறொரு பெண் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மாமி உள்ளேயிருந்து வந்து, "அந்த ஆஸ்பத்திரிக்காரி உன்கிட்ட சொல்லலையாடி?" என்று கேட்டிருக்கிறார்.

அங்கிருந்து அவர் வந்தது என்னிடம். அன்று சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நல்லதுக்குத்தான் பண்ணிருப்பீங்க மேடம். ஆனா நான் தோ அங்கதான் குந்திக்கினு இருந்தேன். ஒரு வார்த்த என்னான்ட கேக்கக் கூடாதா?"

அவசரத்துக்குக் கொடுத்த எண் என்பதால் கூப்பிட்டேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்தது.

"நான் செத்துப் போனா சொல்றதுக்குக் குட்த்த நம்பர் மேடம் அது. நான்தான் உயிரோட இருந்தனே."

நடந்ததைத் துறைத் தலைவரிடம் அன்றே எழுதிக் கொடுத்தேன். அதிகம் பேசாதவர். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நோயாளியோட விஷயத்தை அவங்க அனுமதி இல்லாம வெளியில சொன்னது தப்பு. அது உங்களுக்கே தெரியும்," என்றார். பிறகு, "பத்திரிகைல ரெண்டு பேர்கிட்ட கேப்பீங்க. இங்க ஒருத்தர்கிட்டயே ரெண்டு தடவை கேளுங்க," என்றார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது நியாயம்.

தேசம்மாவிடம் கேட்டுவிட்டு, அவர் சரி என்ற பிறகு, மயிலாப்பூருக்கு நேரில் போனேன். இப்போது எந்த ஆபத்தும் இல்லை என்று டாக்டர் எழுதிய கடிதம் கையில் இருந்தது. மாமி என்னை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். கடிதத்தை முழுக்கப் படித்தார்.

"நம்பறேன்மா. நம்பாம என்ன? ஆனா புதுசா வந்தவளும் கஷ்டப்பட்டவ, புருஷன் இல்லாதவ. இப்போ அவளை எப்படிப் போகச் சொல்றது?" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "அன்னிக்கு நீங்க போன் பண்ணாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. எப்பவும் போல வந்திருப்பா," என்றார்.

அது குற்றச்சாட்டா, வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் சொன்ன செய்தி சரியாக இருந்தது.

இதற்குப் பிறகு தாளில் இரண்டு வரிகள் கூடின. இங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்பது ஒன்று. மருந்துக்கு முந்தின நாள் எல்லாக் கேள்விகளையும் மறுபடி கேட்க வேண்டும் என்பது மற்றது. அவசர எண்ணுக்குக் கீழே, 'இவருக்கு உங்கள் சிகிச்சை பற்றி எதைச் சொல்லலாம்?' என்று ஒரு கட்டமும் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அந்தக் கட்டத்தை அவசரத்தில் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். தாண்டாதீர்கள்.

ஆனால் நம் வேலை கட்டங்களால் நடப்பதில்லை. நோயாளி வீட்டுக்குப் போன பின் என்ன செய்கிறார் என்று பார்க்க நமக்குக் கண் இல்லை. யாரோடு படுக்கிறார், எந்தக் குழந்தையைத் தூக்குகிறார் என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் தெரியும். சொல்வதற்கு அவருக்கு நம்மிடம் பயம் இருக்கக் கூடாது.

மூன்று மாதம் கழித்து தேசம்மா பரிசோதனைக்கு வந்தார். சிகிச்சை பலித்திருந்தது. விரல்கள் நடுங்கவில்லை, துடிப்பு சீராக இருந்தது, கொஞ்சம் சதை போட்டிருந்தார். மகளுக்குப் பிரசவமாகிவிட்டதை டாக்டரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லவில்லை. எடை குறைந்ததா? இல்ல. தூக்கம் வருகிறதா? வருது. படபடப்பு? இல்ல. கேட்டதற்கு மட்டும் பதில், அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. பஸ்ஸைப் பற்றியோ கருவாட்டைப் பற்றியோ ஒரு பேச்சும் வரவில்லை. எழுந்து போகும்போது, அடுத்த பரிசோதனைக்காக நான் எழுதிய சீட்டை நீட்டி, "இதுல இன்னா எழுதிக்கீறீங்கன்னு படிச்சுக் காட்டுங்க," என்றார். படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டு, மடித்து வைத்துக்கொண்டார்.

ஆறாம் மாதம் மறுபடி வந்தார். கோப்பைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. முகவரி மாறவில்லை என்றார். அவசர எண்ணுக்கு மகள் எண்ணைக் கொடுத்தார். தேசம்மா ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் ஏதோ கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்று எங்கள் நர்ஸ் ஒருத்தி சொல்லியிருந்தாள். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு நானாக எழுதக் கூடாது என்று, பேனாவை எடுத்து, அவரிடமே கேட்டேன்.

"இப்ப வேலைக்கு எங்க போறீங்க, தேசம்மா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனா முனையைப் பார்த்தார்.

"அது இன்னாத்துக்கு மேடம்?"

அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.